கந்தோரோடு நின்ற கடிதம்

தபாற் சேவையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நெடுந்தூரங்களின் வரலாற்றையே எழுதினர். குதிரை வண்டியும் புகைவண்டியும் நீராவிக் கப்பலும் அவ்வரலாற்றின் தலைமைப் பாத்திரங்களாக விளங்குகின்றன. ஆயினும் ஒரு கடிதத்தின் பயணத்திலே கடினமான பகுதி கடலுமன்று, மலையுமன்று. ஊர்த் தபாலகத்திலிருந்து உரியவரின் வாசற்படி வரையுள்ள கடைசி ஒரு கல், இரண்டு கல் தூரமே அது. ஆயிரம் கடிதங்கள் அடங்கிய பையைக் கொழும்பிலிருந்து அட்டனுக்குக் கொண்டுசெல்ல ஒரு புகைவண்டி போதும். அவ்வாயிரத்தையும் ஆயிரம் வாசல்களிலே சேர்ப்பதற்கு மனிதர் வேண்டும், பாதை வேண்டும், வாசலுக்கு ஓர் எண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வாசலில் வாழ்பவன் கடிதம் பெறத்தக்க ஒருவன் என்ற எண்ணம் ஆள்வோரிடத்து வேண்டும். இக் கடைசித் தூரம் எவருக்குக் கடந்து கொடுக்கப்பட்டது, எவருக்குக் கடக்கப்படாமலே விடப்பட்டது என்பதை ஆராயின், ஒரு சமுதாயத்தின் வர்க்க அமைப்பே நமக்குப் புலனாகும்.

முதலில் இங்கிலாந்தை நோக்குவோம். 1840-ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினர். தூரத்தைப் பொறுத்தும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் கட்டணம் உயர்ந்தது. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் செல்லும் ஒரு தாட் கடிதத்துக்கு ஒரு சிலினுக்கு மேலாயிற்று. பாராளுமன்ற உறுப்பினரோ தம் கையொப்பத்தை இட்டுக் கடிதங்களை இலவசமாக அனுப்பும் உரிமை பெற்றிருந்தனர். செலுத்த வல்லவனுக்கு இலவசம், செலுத்த இயலாதவனுக்குக் கட்டணம் என்பதே அன்றைய நீதி! கடிதத்தைக் கொண்டுவந்த தபாற்காரன் வாசலிலே நின்று காசுக்காகக் காத்திருந்தான். காசில்லாத ஏழை, மகனின் கையெழுத்தை உறையிலே கண்டு, கடிதத்தைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

1837-ஆம் ஆண்டில் ரோலண்ட் ஹில் என்பார் தபாற் சீர்திருத்தம் பற்றிய தமது சிறுநூலை வெளியிட்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கு ஆகும் உண்மைச் செலவு ஒரு பென்னியின் முப்பத்தாறிலொரு பங்கே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தூரம் செலவன்று, வாசல் தோறும் கணக்குப் பார்த்துக் காசு வாங்குவதே செலவு என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே, நாடெங்கும் ஒரே கட்டணம், அதனை அனுப்புபவர் முன்னரே செலுத்துதல் என்ற இரு கொள்கைகளை அவர் வகுத்தார். 1840-ஆம் ஆண்டு சனவரி 10-ஆந் திகதி ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் உலகின் முதலாவது ஒட்டுமுத்திரை வெளியாயிற்று. 1839-இல் ஏறத்தாழ 760 இலட்சமாக இருந்த கடிதங்களின் தொகை 1840-இல் ஏறத்தாழ 1,690 இலட்சமாகப் பெருகிற்று.

இச் சீர்திருத்தத்தை ஏழைகள்மீது கொண்ட இரக்கத்தின் விளைவு என்று மட்டும் கொள்வோமாயின் நாம் வரலாற்றைப் பிழையாக வாசித்தவராவோம். இலண்டன் வணிகர்கள் தனியே ஒரு குழுவை அமைத்து அதற்காகக் கிளர்ச்சி செய்தனர். விலைப்பட்டியலும் கட்டளைக் கடிதமும் மலிவாகச் சென்று சேர வேண்டுமென்பது அவர்களது தேவை. தானியச் சட்டத்தை எதிர்த்த ஆலை முதலாளிகளின் கழகம் தனது துண்டுப் பிரசுரங்களை நாடெங்கும் பரப்புவதற்கு அதே பென்னித் தபாலையே பயன்படுத்திற்று. வளர்ந்துவந்த முதலாளி வர்க்கம் தனக்காகத் திறந்த கதவின் வழியே, ஊர் விட்டு ஊர் சென்ற தொழிலாளியின் கடிதமும் நுழைந்துகொண்டது. முற்போக்கான பல மாற்றங்கள் இவ்விதமே நிகழ்ந்துள்ளன.

ஆயினும் அக் கதவு எல்லோருக்கும் ஒரே நாளிலே திறக்கவில்லை. நகரத்து வீட்டுக்காரர் தம் கதவுகளிலே கடிதத் துளை வெட்டிக்கொள்ளுமாறு தூண்டப்பட்ட காலத்திலே, நாட்டுப்புறத்துக் குடியானவர் தமக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று அறியக் கல் கணக்கில் நடந்தனர். நாவலாசிரியராகப் பெயர்பெற்ற அந்தனி ட்ரொலப், தபால் இலாகாவின் அதிகாரியாக இருந்த காலத்தில், குதிரைமீதேறிக் கிராமம் கிராமமாகச் சென்று தபாற்காரரின் நடைவழிகளை வகுத்தார். நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலைக் கொண்டுசென்று வழங்குவது என்ற கொள்கை 1897-ஆம் ஆண்டில், விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டியே ஏற்கப்பட்டது. உலகின் காற்பகுதியை ஆண்ட ஒரு பேரரசு, தன் சொந்த நாட்டுக் குடியானவனின் குடிசை வாசலை அடைய ஒரு பென்னித் தபாலின் பின்னர் ஐம்பத்தேழு ஆண்டுகள் எடுத்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறும் இதனையே வற்புறுத்துகின்றது. அங்கு நகரங்களிலே கட்டணமின்றி வீட்டுக்குத் தபால் வழங்கும் முறை 1863-ஆம் ஆண்டு சூலை முதலாந் திகதி தொடங்கியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கமக்காரருக்கோ அவ்வுரிமை மேலும் முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டவில்லை. கிரேஞ்ச் எனப்பட்ட கமக்காரர் சங்கம் அதனைக் கோரிப் போராடிற்று. பணம் விரயமாகும் என்றனர் அரசியல்வாதிகள். கமக்காரன் கடிதம் எடுக்க ஊருக்குள் வராவிட்டால் தம் வியாபாரம் கெடும் என்றனர் சிற்றூர்க் கடைக்காரர். 1896-ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் மேற்கு வேர்ஜீனியாவிலே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட கிராமிய இலவசத் தபால் வழங்கல், 1902-ஆம் ஆண்டிலேயே நிரந்தரமாக்கப்பட்டது. பாதை சீர்கெட்டிருந்த இடங்களுக்குத் தபாற்காரர் அனுப்பப்படவில்லை. அதனால் மக்கள் தத்தம் பாதைகளைத் திருத்துவித்தனர். கடிதம் வேண்டுமென்ற கோரிக்கை பாதை வேண்டுமென்ற கோரிக்கையாக வளர்ந்தது. இவ்விடயத்தை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர நேரும்.

வீட்டிலக்கத்தின் வரலாறு இன்னும் சுவையானது. 1770-ஆம் ஆண்டிலே ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா தம் ஆட்சிப் பரப்பிலுள்ள வீடுகளுக்கு இலக்கமிடச் செய்தார். எந்த வீட்டில் எத்தனை இளைஞர் படைக்கு எடுக்கத்தக்கவராக உள்ளனர் என்று அறிவதே அதன் நோக்கம். கடிதம் கொடுப்பதற்காக அன்று. ஆளை எடுப்பதற்காகவே அரசு முதலிலே கதவில் எண் எழுதிற்று! தன் தேவைக்கு ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின் அதிகாரம் எவ்வாறேனும் கண்டுபிடித்துவிடும். அம்மனிதனின் தேவைக்காக அவனைக் கண்டுபிடிக்க வேண்டிய வேளையிலேதான் முகவரி தெளிவில்லை, பாதை வசதியில்லை, ஆட்பற்றாக்குறை என்னும் தடைகள் முளைக்கின்றன.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி 1832-ஆம் ஆண்டிலே ஓடத் தொடங்கிற்று. இலங்கையின் முதலாவது முத்திரை 1857-ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி வெளிவந்தது. புகைவண்டிப் பாதை 1867-இல் கண்டியையும், 1884-இல் அட்டனையும், 1885-இல் நானுஓயாவையும் எட்டிற்று. இப் பாதையின் திசையை நோக்குவோர்க்கு அதன் நோக்கம் எளிதில் விளங்கும். கோப்பியும் பின்னர் தேயிலையும் இறங்குவதற்காகவே பாதை மலையேறிற்று. அதே பாதையிலே துரைமாரின் கடிதங்களும் இலண்டன் பத்திரிகைகளும் ஏறிச் சென்றன.

அம்மலைகளைப் பொன்விளையும் பூமியாக்கிய தமிழ்த் தொழிலாளரின் நிலை யாது? அவர்களும் ஒருவகையிலே தபாலாகவே அனுப்பப்பட்டனர் என்றால் மிகையாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. தமிழ் நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளிக்கு, அவன் எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதைக் காட்டும் குறியீடு பொறித்த தகர வில்லையொன்று வழங்கப்பட்டது. தட்டப்பாறையிலும் பிற்காலத்தில் மண்டபத்திலும் அமைந்த முகாம்களைக் கடந்து, கடலைக் கடந்து, எழுத்தறியாத அம்மனிதன் குறித்த தோட்டத்திலே பிசகின்றிச் சேர்க்கப்பட்டான். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அங்கிருந்து அது தொழிலாளியின் கடனாயிற்று. பெறுபவரே கட்டணம் செலுத்தும் முறையை இங்கிலாந்து தன் கடிதங்களுக்கு 1840-இல் கைவிட்டது. தன் குடியேற்ற நாட்டுக் கூலியாட்களுக்கோ, பொதியும் அவனே, கட்டணம் கட்டுபவனும் அவனே என்ற முறையை அதன் பின்னர் கொண்டுவந்தது.

தோட்டத்திலே தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானித்த காகிதம் மற்றொன்றும் உண்டு. அதுவே துண்டு. இவ்வளவு கடனைக் கட்டினால் இன்ன கங்காணியின் ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அச் சீட்டைக் கொண்டு ஒரு தோட்டத்தின் ஆட்கள் கடனோடு மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்முறை ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்கள் தங்கு தடையின்றிப் பயணஞ் செய்தன. தொழிலாளிக்கு எழுதப்பட்ட காகிதத்துக்கே தடை இருந்தது.

அத்தடை எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காண்போம். தோட்டம் தனியாரின் நிலம். அதன் பாதைகள் துரையின் பாதைகள். லயக் காம்பராக்கள் துரையின் கட்டடங்கள். அரசாங்கத் தபாற்காரர் அங்கு வீடு வீடாகச் செல்லவில்லை. தோட்டத்தாலே நியமிக்கப்பட்ட தப்பால்காரர் நகரத்துத் தபாலகத்துக்குச் சென்று, தோட்டத்துக்குரிய பையை வாங்கிக்கொண்டு கந்தோருக்கு வருவார். துரையின் கடிதம், கிளாக்கரின் கடிதம், தொழிலாளியின் கடிதம் யாவும் ஒரே பையிலே வரும். அங்கே பிரிவினை தொடங்கும். துரையின் கடிதம் அன்றே பங்களாவுக்குப் போகும். தொழிலாளியின் கடிதம் மேசையிலோ யன்னல் ஓரத்திலோ கிடந்து, பிரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளையோ கங்காணியோ பெயர் கூப்பிடும்வரை காத்திருக்கும். இராமசாமி என்று அழைத்தால் நாலு இராமசாமிகள் கைநீட்டுவர். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே அவர்களை வேறுபடுத்தும். அதுவும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறி எழுதப்படுகையிலே சிதைந்துபோகும்.

இம்முறையை வெறும் நிருவாகக் குறைபாடு என்று கொள்ள முடியாது. 1920-ஆம் ஆண்டுகளிலே தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க உணர்வை விதைத்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் நுழைவதற்குத் துணி வியாபாரியாக வேடம் பூண வேண்டியிருந்ததை நாமறிவோம். வெளியார் உள்ளே வருவதைத் தடுத்த அதே வேலி, வெளிச் செய்தி உள்ளே வருவதையும் தன் காவலில் வைத்திருந்தது. கந்தோரின் வழியே வரும் கடிதத்திலே தொழிலாளி தன் சங்கத்தோடு எதைத்தான் மனந்திறந்து பேசமுடியும்? கடிதம் பிரிக்கப்பட வேண்டுமென்பதில்லை. பிரிக்கக்கூடும் என்ற ஐயமே அவன் வாயைக் கட்டப் போதுமானது. உறையின் மேலுள்ள அனுப்புநர் பெயரே அவனைக் காட்டிக்கொடுக்கவும் வல்லது.

இதன் விளைவு எவ்வளவு பாரதூரமானது என்பதை 1948-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட வரலாறு காட்டிற்று. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பஞ் செய்து உரிமை பெறலாம் என்றது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பத்தை மறுக்க ஆணையாளர் எண்ணுவாராயின் அதற்கான அறிவித்தல் அனுப்பப்படும். மூன்று மாதத்துள் விண்ணப்பகாரர் காரணங் காட்ட வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. இந் நிராகரிப்புக்களின் மூலகாரணம் சட்டத்தை இயற்றியவரின் இனவாத, வர்க்க நோக்கமே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நோக்கம் செயற்பட்ட விதத்தைக் கவனிக்குக. ஒரு குடும்பத்தின் நாடு எது என்ற வினா, ஆங்கிலத்திலே எழுதப்பட்டு, திகதியிடப்பட்டு, கந்தோர்ப் பையிலே வரும் ஒரு காகிதத்தில் தொங்கியது. வதிவை நிரூபிக்க ஆவணம் கேட்டவர், வாழ்ந்த வீட்டுக்கு ஓர் இலக்கமும் கொடாதவரே என்ற முரண்பாட்டை எண்ணுந்தோறும் நெஞ்சு கொதிக்கின்றது.

1964-ஆம் ஆண்டு ஒற்றோபர் 30-ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்களாகப் பங்கிட்டது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974-ஆம் ஆண்டில் அவ்வெச்சமும் சரிபாதியாக்கப்பட்டது. தாய் இங்கும் மகள் நீலகிரியிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அவர்களுக்கிடையே எஞ்சிய உறவு கடிதம் ஒன்றே. அக் கடிதமும் பெயர், பிரிவு, தோட்டம், நகரம் என்ற நாலு வரி முகவரியோடு வந்து, அதே யன்னல் ஓரத்திலே காத்துக் கிடந்தது.

1972-ஆம், 1975-ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போனார். அவர் இருந்த நாற்காலியும், நாற்காலிக்கு எதிரே தபாற் பையும் இருந்தவாறே இருந்தன. 1992-ஆம் ஆண்டில் முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. அப்போதும் பையின் பாதை மாறவில்லை. உடைமை மாறுவதனால் மட்டும் உறவுகள் மாறிவிடா என்பதற்கு இதனினும் எளிய பாடம் வேண்டுமோ? 2003-ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமையை வழங்கிற்று. வாக்குரிமை பெற்ற பிரசையின் வீட்டு வாசலுக்குக் கடிதம் வருவது ஏனைய ஊர்களில் இயல்பான காரியம். பல தோட்டங்களிலே இன்றும் அது நிறைவேறாத கோரிக்கையாகவே உள்ளது.

இதற்குச் சட்டமும் துணைநின்றது. தெருவுக்குப் பெயரிடுதலும் பாதை அமைத்தலும் உள்ளூராட்சி மன்றங்களின் கருமம். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களிலே பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிட இடையூறாக இருந்தது. தோட்ட மக்களின் வாக்கினால் தெரிவான உறுப்பினரே தம் லயத்துக்கு ஒரு பாதை போட இயலாதிருந்தனர். 2018-ஆம் ஆண்டில் அப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டத் தடை நீங்கியது. சட்டம் தானாக நடந்துவந்து லயத்தின் சுவரில் இலக்கம் எழுதமாட்டாது.

கைத்தொலைபேசி பெருகிய இக்காலத்திலே கடிதத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் வினவலாம். சுகம் விசாரிக்கத் தொலைபேசி போதும் என்பது உண்மையே. ஆனால் நீதிமன்றக் கட்டளையும் வங்கியின் அறிவித்தலும் ஊழியர் சேமலாப நிதி பற்றிய கடிதமும் நேர்முகப் பரீட்சை அழைப்பும் காகிதமாக வருவன. அவற்றுக்குத் திகதி உண்டு. தவறினால் திரும்பி வராத வாய்ப்பு உண்டு. லயக் காம்பராவிலே மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத் தேறிய பிள்ளை, நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் ஒரு கிழமை பிந்தி வந்ததனால் தோற்குமாயின், அத்தோல்வியைத் திறமைக் குறைவு என்று எந்த ஆசிரியன் எழுதுவான்? மேலும், முகவரி கடிதத்துக்கு மட்டும் உரியதன்று. கடன் கேட்கும்போதும், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும்போதும், பொலிசில் முறைப்பாடு செய்யும்போதும் முதலில் எழுப்பப்படும் வினா, எங்கே வசிக்கிறாய் என்பதே.

குறை தீர்க்கும் வழி அறியப்படாததன்று. ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் நிலையான இலக்கம். தோட்டப் பாதைகளுக்குப் பெயர். அவ்விலக்கமும் பெயரும் தபாற் திணைக்களத்திலும் கிராம அலுவலரிடத்தும் பதிவு. கந்தோரைத் தவிர்த்து வாசல்வரை செல்லும் அரச தபாற்காரர். அவரது சுமை கூடாதவாறு போதிய புதிய நியமனங்கள். அந்நியமனங்களிலே தோட்டத்து இளைஞருக்கு இடம். தோட்டத்துத் தப்பால்காரரையும் தபாற் தொழிலாளரையும் ஒருவரோடொருவர் மோதவிடாது, இருவர் நலனையும் இணைத்தே இக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் முன்வைத்தல் வேண்டும். அமெரிக்கக் கமக்காரரின் கடிதக் கோரிக்கை பாதைக் கோரிக்கையாக வளர்ந்ததை முன்னர் கண்டோம். மலையகத்திலும் இலக்கம் கேட்பவர் பாதை கேட்பர். பாதை கேட்பவர் நிலம் கேட்பர். தாம் வாழும் காம்பரா எவருடையது என்ற வினாவையும் எழுப்புவர். இலக்கமிடுவதிலே நிருவாகங்கள் காட்டும் தயக்கத்தின் காரணமும் இதுவே. வெறும் எண்ணன்று அது, குடியிருப்பின் ஒப்புதல்.

மலையகப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியரும் பயிலும் மாணவரும் இப்பணியை இன்றே தொடங்கலாம். எந்த லயத்தில் எத்தனை குடும்பங்கள், எத்தனை பேர் ஒரே பெயரினர், கடந்த ஓராண்டில் எந்தெந்தக் கடிதம் எத்தனை நாள் பிந்திற்று என்ற கணக்கை மாணவர் எடுக்கட்டும். உறைமீதுள்ள தபால் முத்திரைத் திகதியையும் கைக்குக் கிடைத்த திகதியையும் அருகருகே எழுதிவைக்கட்டும். அக் கணக்கோடு பிரதேச சபைக்கும் தபாலதிபருக்கும் சென்றால், தெளிவில்லாத முகவரி என்ற பழைய பதிலைச் சொல்வது அவர்களுக்கு எளிதாயிராது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், எழுத்தறியாத மனிதனைத் தகர வில்லையொன்றின் துணையோடு கடல் கடந்து உரிய தோட்டத்திலே சேர்க்க முடிந்த நாட்டில், அவனுடைய கொள்ளுப்பேத்திக்கு வந்த கடிதத்தைக் கந்தோரிலிருந்து லயம்வரை கொண்டுசேர்க்க முடியாது என்ற வாதத்தை நாம் இனியும் ஏற்றல் ஆகாது.